என் பெயர் மட்டும் நேராக விழுந்தது

ஈரக் காகிதத்தைத் தகட்டிலிருந்து நான் மெல்ல உரித்துக் கையில் கொடுத்ததும், அம்மா அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். கேகாலையில் என் ஓவிய ஆசிரியர் சேருடைய அச்சுப் பட்டறை அது. நான் அங்கேதான் செதுக்கோவியம் பழகினேன். யட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள் அம்மா. படத்தில் இருந்ததும் அவள்தான். மரத்தடியில் குனிந்து, பட்டையைக் கத்தியால் கீறிப் பால் வெட்டுகிறாள். பாராட்டப்போகிறாள் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அவளோ காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "இப்படிப் பாத்தாத்தான் புள்ள இது நானு" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் போட்டால் கீறிய கோடெல்லாம் பள்ளமாகும். பள்ளத்தில் மையை நிரப்பி, மேலே துடைத்து, காகிதத்தை வைத்து உருளையில் அழுத்தினால் படம் ஏறிவிடும். ஏறும்போது இடம் வலமாக மாறும். பட்டறையில் முதல் நாளே சொல்லித்தருகிற சங்கதி இது. நானோ தகட்டைத் தூக்கிக்கொண்டு இறப்பர் காட்டுக்கே போய், கண்ணில் கண்டதை அப்படியே கீறிவிட்டேன். மரத்தில் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ வேண்டும். மாற்றி வெட்டினால் பால் குறையும். தோட்டத்தில் பிறந்த சின்னப்பிள்ளைக்கும் அது தெரியும். என் படத்தில் மாறித்தான் இருந்தது. இதில் கேவலம் என்னவென்றால், மூலையில் என் பெயரை மட்டும் மறக்காமல் திருப்பி எழுதியிருந்தேன். அது அச்சில் அழகாக, நேராக விழுந்திருந்தது.

அம்மாவுக்கு அது வெறும் படமில்லை. நான் தகட்டைக் கீறிய பிறகு, அச்செடுப்பதற்குள் தோட்டத்தில் ஒன்று நடந்துவிட்டது. வேலையை மேற்பார்க்கப் புதிதாக வந்த கணக்கப்பிள்ளை, யாரோ ஆழ வெட்டிக் காயப்படுத்திய மரங்களை அம்மாவின் தலையில் கட்டி, கத்தியை வாங்கிக்கொண்டு அவளைப் புல்லு வெட்ட அனுப்பிவிட்டார். அவள் தோட்டத்தை நிர்வகிக்கிற துரையிடம் மனுக் கொடுத்துவிட்டு, திரும்பப் பால்வெட்டுக்குப் போடுவார்கள் என்று காத்திருந்தாள். "நான் வெட்டுன மரத்துல ஒரு காயத்தக் காட்டச் சொல்லு பாப்போம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சண்டைக்கு நிற்பாள். அன்றைக்குக் காகிதத்தை என்னிடம் தந்துவிட்டு, "இத வெளிய காட்டிறாத. வேற ஒன்னு போடு" என்றாள். சரி என்றேன்.

அந்தப் படத்தைக் கொடுப்பதாக இருந்த கண்காட்சிக்குப் பத்து நாள் இருந்தது. புதுத் தகடு கீற அது போதும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மனம் வரவில்லை. அம்மாவின் கழுத்து நரம்பு அந்தத் தகட்டில் விழுந்த மாதிரி இன்னொரு தடவை விழாது என்று பயந்தேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று சேர் சிங்களத்தில் கேட்டுச் சிரித்தார். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டேன். படம் கண்காட்சிக்குப் போனது, பத்திரிகையிலும் வந்தது.

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு அந்தப் பத்திரிகையை மடித்து எடுத்து வந்தாராம் கணக்கப்பிள்ளை. எல்லார் முன்னாலும் விரித்து, "பாருங்க, பெத்த மகளே படம் போட்டுக் காட்டிருச்சு, அம்மா என்னா லட்சணத்துல வெட்டுதுன்னு" என்றாராம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். மனுவைப் பற்றி அதன் பிறகு அம்மா வாய் திறக்கவில்லை. வேலையை விட்டு நிற்கும்வரை புல்லுதான் வெட்டினாள்.

எல்லாம் முடிந்த பிறகு நான் கண்ணாடியில் இடம் வலம் மாற்றிப் பார்த்துப் புதுத் தகடு கீறினேன். சரியாகவே வந்தது. தோட்டத்து வரிசை வீடான லயத்துக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைக்கவில்லை. "இதையும் பேப்பர்ல போடுவாங்களா?" என்று மட்டும் கேட்டாள். போட மாட்டார்கள். சுருட்டிக்கொண்டு கேகாலைக்கு வந்துவிட்டேன். இன்றைக்கும் என்னைத் தேடி வருகிறவர்கள் பழைய படத்தைத்தான் கேட்கிறார்கள். வெட்கங்கெட்ட நானும் எடுத்துக் காட்டுகிறேன்.

போன வருஷம் அம்மா போய்விட்டாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வைக்கப் பெரிய போட்டோ ஒன்றுமில்லை. அடையாள அட்டைக்கு எடுத்ததுதான் இருந்தது. அண்ணன் சின்ன வயதிலேயே கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனவர், பால்வெட்டு அறியாதவர். பத்திரிகையில் வந்த படமாயிற்றே என்று, எப்போதோ நான் கொடுத்திருந்த பிரதியைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். பார்த்தேன், பேசாமல் இருந்துவிட்டேன். அம்மாவோடு பக்கத்து வரிசை மரங்களில் காலமெல்லாம் பால் வெட்டிய அத்தை மாலையோடு வந்தார். படத்துக்கு முன்னால் நின்றவர் மாலையைப் போடவில்லை.

"கழட்டுங்க இத. செத்த பொறகுமா அவள இப்படி வெட்ட வைக்கிறீங்க?"

அண்ணன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போய்க் கழற்றினேன். லயமே கூடியிருந்தது, ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.