துப்பாக்கிக்கு ஒரு பல்

பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் எங்கே பயணம் என்று கேட்டால், தையல் மெஷினுக்கு ஒரு சாமான் வாங்கப் போவதாகச் சொல்கிறார் ஞானபாய். மடியில் கைப்பை. அதற்குள் ஒரு தைல டப்பா, டப்பாவுக்குள் பஞ்சில் பொதிந்த உடைந்த இரும்புத் துண்டு. அது தையல் மெஷினுடையது அல்ல. கேரள எல்லையோர அம்பூரியில் அவர் வீட்டு அலமாரியில் பூட்டிக் கிடக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கியினுடையது.

நடுவில் மடக்கித் தோட்டா போடுகிற பழைய துப்பாக்கி. சுட்டபின் மடக்கினால், வெடித்த தோட்டாவின் வெற்றுக்கூட்டைக் குழலிலிருந்து வெளியே இழுப்பது இந்தத் துண்டுதான். ஞானபாய்க்கு இது "பல்லு".

வயது அறுபத்தொன்று. நூற்றிருபது ரப்பர் மரங்களில் தானே பால் வெட்டுகிறார். கணவர் இறந்ததும் துப்பாக்கியை விற்கச் சொன்னார்கள். அவர் உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றினார், சுடக் கற்றார், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதி பெற்றோரின் பஞ்சாயத்துப் பட்டியலில் சேர்ந்தார். மரச்சீனிக் கிழங்கு நட்டவர்கள் எல்லோரிடமும் அவருடைய நம்பர் இருந்தது.

போன மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை பக்கத்துவீட்டு ஜெயன் அழைத்தான். அவனுடைய மரச்சீனி விளையில் பன்றி. ஞானபாயின் முதல் குண்டு அதன் தொடையில் பட்டது. அடுத்த தோட்டா போட மடக்கினார். பல் உடைந்து, கூடு உள்ளேயே சிக்கிக்கொண்டது. குத்தித் தள்ள ஒரு குச்சி தேடிக் குனிந்தார். அதற்குள் காயம்பட்ட பன்றி திரும்பி ஜெயன்மேல் பாய்ந்தது.

அன்றிலிருந்து அலைச்சல். பனச்சமூட்டில் லேத் வைத்திருக்கும் பிரதீஷ் துண்டைத் திருப்பிப் பார்த்து, அரை மணிக்கூர் வேலை என்றான். எந்த மெஷினுக்கு என்று கேட்டான். பேருந்தில் பொய் சொல்கிறவர், வேலை தெரிந்தவனிடம் துப்பாக்கிக்கு என்று உண்மையைச் சொன்னார். அவன் துண்டை அவர் உள்ளங்கையில் திருப்பி வைத்தான்.

"இத நான் தொட்டா போலீசு எனக்க லேத்தப் பூட்டும் மாமி."

பாலராமபுரத்தில் தறி பழுதுபார்ப்பவரும் அப்படியே.

போன சனிக்கிழமை திருவனந்தபுரத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்கு, அவரைப் பற்றி எழுத வந்த நானும் உடன் போனேன். செய்த கம்பெனியே மூடியாயிற்று, வேறெதன் பல்லும் இதில் உட்காராது, குழலோடு மாற்றலாமென்றால் அந்தக் குழலும் கிடைக்காது என்றார் கடைக்காரர். புதியவற்றை எடுத்துக் காட்டினார்.

"புதுசு வாங்க நான் வரல்ல," என்றார் ஞானபாய். "இதுக்க பல்லு ஒண்ணு போச்சு. அது மட்டும் போதும்."

கடைக்காரர் மறுபடியும் முதலிலிருந்து விளக்கினார். ஞானபாய் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். திரும்பும் பேருந்தில் அவர் பக்கத்தில் இருந்த யாரும் எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேரே ஜெயன் வீட்டுக்குப் போனார். முன்னறைக் கட்டிலில் கால் நீட்டிக் கிடந்தான். அவன் மனைவி ஜின்சி பால் விடாத கட்டன்சாயா கொண்டுவந்தாள். நேற்றும் பன்றி இறங்கியதாகச் சொன்னாள்.

"சாமான் கிட்டிச்சா மாமி?" என்றான் ஜெயன்.

இத்தனை மாதமாக, வாரத்துக்கு வாரம், அடுத்த ஆழ்ச்ச கிட்டும் என்றே சொல்லி வந்தவர், இந்த முறை மாற்றிச் சொன்னார்.

"கிட்டாது மக்கா."

ஜெயன் தலையாட்டினான். அந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவன் முகத்தை மட்டுமே பார்த்துப் பேசும் ஞானபாய், சாயாவைத் தரையில் வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே வளைந்து சூம்பிப்போன அந்தக் காலின்மேல் கையை வைத்தார். எடுக்கவில்லை.