சல்லடையில் விழுந்த குப்பை

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பேர். முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் சல்லடை. அது அவளுக்கும் தெரியும். பார்க்கிற வேலை அதுதானே, கோபப்பட என்ன இருக்கிறது?

இரண்டு கண்டங்கள் முட்டிக்கொண்டு எழுந்த மலைத்தொடர் அது. முட்டிய இடத்தில் பூமியின் மேலோடு எவ்வளவு தடித்திருக்கிறது என்று அளப்பதுதான் அந்த ஆய்வு நிலையத்தின் வேலை. அவ்வளவு ஆழம் தோண்டிப் பார்க்க யாராலும் ஆகாது. எங்கோ கடலுக்கு அப்பால் பூகம்பம் வந்தால் அதன் அலை பூமிக்குள் புகுந்து அடியிலிருந்து மேலே வரும். மேலோட்டின் அடிப்பக்கத்தைத் தாண்டும்போது அதில் ஒரு பங்கு வேகம் குறைந்து பின்தங்கும். முந்தி வந்ததற்கும் பிந்தி வந்ததற்கும் உள்ள இடைவெளியை வைத்துத் தடிமனைக் கணக்கிடுவார்கள். ஆக, தூரத்து அதிர்வுதான் சரக்கு. பக்கத்தில் ஓடும் லாரி, காற்று, சில்லறை நடுக்கம் எல்லாம் குப்பை. சலித்துக் குப்பையைத் தள்ளுவது அவள் பொறுப்பு. வருஷக்கணக்காகத் தள்ளியிருக்கிறாள்.

தங்கையின் வீடு மலைச்சரிவில் ஒண்டியாக நின்றது; அதன் கீழறையிலும் அதிர்வைப் பதியும் கருவிப் பெட்டி ஒன்று இருந்தது. சந்தடியில்லாத இடம் என்று சிபாரிசு செய்ததே இவள்தான். தங்கை படியிறங்குவதுகூட இங்கே திரையில் தெரியும். மகாராணிக்கு இன்றைக்கு என்ன அவசரம் என்று சிரித்துக்கொண்டே அதையும் அழிப்பாள்.

மழைக்குப் பிறகு, திரையில் அந்த வீட்டுக்கென்று ஓடும் கோட்டில் குப்பை கூடிப்போயிற்று. ஒரே அச்சில் வார்த்த மாதிரி சின்னச் சின்னத் துடிப்புகள். அவள் கை பாட்டுக்கு அழித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலை தங்கை போன் செய்தாள்.

"வாசக் கதவு மூடவே மாட்டேங்குதுக்கா. அவரும் இழைச்சு இழைச்சுப் பாத்துட்டார். ஒரு பக்கம் சரியானா இன்னொரு பக்கம் இடிக்குது."

அவள் கை நின்றுவிட்டது. அழித்ததையெல்லாம் மீட்டெடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே இடத்திலிருந்து வந்தவை. கொஞ்சம் நகர்ந்து, சிக்கி, மறுபடி நகர்கிற ஒன்று. வீட்டுக்கு மேலே சரிவு நகர்கிறது. துடிப்புகளுக்கு நடுவே இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. ஓடிப்போய் நிலையத்து டைரக்டரைக் கூட்டிவந்தாள்.

டைரக்டர் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. உடனே யார் யாருக்கோ போன் போட்டார்.

"சாயங்காலம் ஆள் அனுப்புறாங்களாம்."

"அதுவரைக்கும் அது சும்மா இருக்குமா சார்?"

அவர் மறுபடி போனை எடுத்தார். அவள் தங்கையைப் போனில் கூப்பிட்டு, மேலே சரிவு நகர்கிறது, வீட்டை விட்டுக் கிளம்பு என்றாள். தங்கை சிரித்தாள்.

"மழைக்கு மரம் உப்பத்தான் செய்யும், உங்க அக்காவுக்கு எதைப் பாத்தாலும் பூகம்பம்தான்கிறார் இவர்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். வாய் கூசாமல் ஒரு பொய் வந்தது.

"சரி, அதை விடு. உங்க வீட்டுப் பெட்டி கெட்டுப்போச்சு. பிளக்கைப் பிடுங்கிட்டு ரெண்டு பேருமாத் தூக்கிட்டு வாங்க. இப்பவே. டைரக்டர் என்னைப் பிச்சு எடுக்கிறார்."

அக்கா திட்டு வாங்குவது மட்டும் தங்கைக்குப் பொறுக்காது. கொஞ்ச நேரத்தில் திரையில் இரண்டு பேர் படியிறங்கினார்கள். அந்தக் குப்பையை அவள் அழிக்கவில்லை. அதற்கு மேல் பார்க்கத் தைரியம் இல்லாமல் வராந்தாவுக்குப் போய் வெகுநேரம் நின்றாள்.

திரும்பி வந்தபோது வீட்டுக் கோடு அசைவில்லாமல் படுத்திருந்தது. கழற்றிவிட்டார்கள்! நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. போன் அடித்தது.

"திட்டாதேக்கா," தங்கைக்கு மூச்சு வாங்கியது. "பெட்டி ரொம்பக் கனம், இவருக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. ஆள் கூட்டிட்டு வரலாம்னு கடைத்தெருவுக்கு இறங்கிட்டோம். ஆள் கெடைச்சாச்சு, இதோ மேல போறோம்."

"பிளக்கைப் பிடுங்கினது யாரு?"

"யாரும் பிடுங்கலையே. அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கு. சரி, வச்சிடறேன். இப்பத்தான் மேல பெருசா இடி இடிச்சுது, மழை வர்றதுக்குள்ள ஏறணும்."

அவள் அந்தக் கோட்டைப் பார்த்தாள்.

"போகாதே," என்றாள். "அது இடி இல்லை."