ஓட்டக்கல் மைதானத்துக்கு எண்பது கிலோமீட்டர்

தலைவரே, ஓட்டக்கல் மைதானத்தை மூடியது நீங்கள். மூடிவிட்டு, மூடச் சொன்னது நாங்கள்தான் என்று ஊரை நம்ப வைத்தவரும் நீங்கள். பந்தயக் கமிட்டித் தலைவர் என்று வருடாவருடம் டிராக்டர் மேல் நின்று மைக் பிடித்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அங்கே போகாதவர்களும் படிப்பார்கள். அதனால் கிளம்பியதிலிருந்து சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை ஐந்து பத்து. மங்கலத்தில் துரைசாமியின் தறிக்குடோன் முன்னால் குட்டியானை லோடு வண்டி நின்றது. போய்வர வாடகை மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். துரைசாமி எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு நெய்கிறவன், எனக்கு மாப்பிள்ளை முறை. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்குக் குதிரை கிடையாது. பந்தயத்தில் ஸ்டாப்வாட்ச் பிடிப்பது என் வேலை.

குதிரையின் பெயர் சிட்டு. நான்கு வயதுப் பெண் குதிரை. இதுவரை எந்தப் பந்தயத்திலும் ஓடியதில்லை. ஓடாத குதிரைகளுக்கென்று 'புதுக் குதிரை' என்று தனிப் பிரிவு உண்டு. அதில் ஓடத்தான் கிளம்பினோம். ரேக்ளா வண்டியின் சக்கரங்களைக் கழற்றி, எல்லாவற்றையும் கேபினுக்கு மேலே கட்டினோம். துரைசாமியின் மனைவி ஈஸ்வரி வாசலுக்கு வந்து அவனிடம் பேசாமல் என்னிடம் பேசியது.

"அண்ணா, மூணு எடத்துக்குள்ள வந்துச்சுன்னா சிட்டு ஊட்லயே இருக்கட்டுமுங்க. இல்லீன்னா குடுத்துரோணும். நானும் கம்பெனிக்குப் போயிட்டு வந்து சாணி அள்ள முடியலீங்க. உங்க மாப்ளை தலையாட்டியிருக்குதுங்க, கேட்டுக்கங்க."

வாங்க ஆள் தயாராக இருந்தது. கல்யாண ஊர்வல வண்டிக்கு வேண்டுமாம். ஆயுதபூஜைக்குப் பக்கத்து வீட்டில் வெடி வெடித்ததற்கே கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய குதிரை இது. அதனால்தான் துரைசாமி இந்த ஒரு பந்தயத்தையே நம்பியிருந்தான்.

டிரைவர் சுடலை திருநெல்வேலிப் பக்கம். பல்லடம் வருவதற்குள் சிட்டு கேபினின் பின்பக்கத் திறப்பு வழியாகத் தலையை நீட்டி அவர் காதை நக்கிவிட்டது.

"அண்ணாச்சி, பனியன் பண்டல் ஏத்திருக்கேன், ஆடு மாடு ஏத்திருக்கேன். ஒண்ணுகூட எங்கிட்ட இவ்வளவு பாசமா இருந்ததில்ல பாத்துக்கிடுங்க" என்றார்.

"பாசமெல்லாம் இல்லீங்க. ஓட்டறது ஆருன்னு மோந்து பாக்குது. குழியில உடாம ஓட்டுங்க" என்றான் துரைசாமி.

ஐந்து ஐம்பதுக்குப் பல்லடத்தில் டீ, ஒன்று பதினைந்து ரூபாய். குடிமங்கலம் தாண்டும்போது வெயில் வந்துவிட்டது. காற்றாலைகள் பாதி சுற்றின, பாதி நின்றன. ஏழேகாலுக்கு உடுமலைப்பேட்டை. தேங்காய் லாரிகள் வழியை அடைத்ததால் அங்கே இருபது நிமிடம் போனது. கொமரலிங்கம் தாண்டி ஆற்றோரமாகத் திரும்பியபோது மணி எட்டு. வண்டி நின்றதும் மீட்டரைப் பார்த்தேன். மங்கலத்திலிருந்து சரியாக எண்பது கிலோமீட்டர்.

மைதானம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். ஆற்றுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவில் நீளமான செம்மண் தரை. அதன் கடைசியில் இடுப்பு உயரக் கருங்கல் ஒன்று. குதிரை வண்டி அந்தக் கல்லைச் சுற்றித் திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வர வேண்டும். கல்லை ஒட்டித் திரும்பியவனுக்குத்தான் நேரம் மிச்சம். அப்படித் திரும்பிய வண்டிகளின் அச்சு உரசி உரசிக் கல்லைச் சுற்றிலும் விரல் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருக்கும். எத்தனை தலைமுறையாக உரசியது என்று யாருக்கும் தெரியாது. திருவிழாவுக்கு மறுநாள் பந்தயம். அழைப்பிதழ் கிடையாது, நாளைச் சொல்லவும் மாட்டார்கள், குதிரை வைத்திருப்பவன் வந்துவிடுவான். ஓட்டுவதற்கு முன்னால் வண்டி பூட்டாமல் குதிரையைக் கல்வரைக்கும் நடத்திக்கொண்டுபோய்த் திரும்புவார்கள். தடம் காட்டுவது என்று அதற்குப் பெயர். தடம் காட்டாத குதிரையை ஓட விடமாட்டார்கள்.

எட்டேகாலுக்கு நாங்கள் இறங்கிய இடத்தில் மைதானம் இல்லை. தகரம் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் நீலத் தகரம், தோப்பு முடியும்வரை. நடுவில் இரும்புக் கேட், அதில் பூட்டு. எங்களுக்கு முன்பே பதினொரு வண்டிகள் குதிரையோடு வந்து வரிசையாக நின்றன. வண்டிகளுக்குள் குதிரைகள் பக்கத் தகட்டை உதைத்துக்கொண்டிருந்தன. பூட்டிய கேட் காற்றில் ஆடாமல் இருக்க அடியில் ஒரு கல்லை அண்டக் கொடுத்திருந்தார்கள். படுத்துக் கிடந்த அந்தக் கல்லில் விரல் ஆழப் பள்ளம் தெரிந்தது.

பந்தயத்தன்று டீக்கடை போடும் பாப்பாத்தி அக்கா மட்டும் வழக்கம்போல் அடுப்பு பற்றவைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் அதற்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏனுங்க, அடச்சு நாலு நாளாச்சு. வேண்டாம்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டு, குதிரையவும் கூட்டீட்டு வந்து நிக்கறீங்களே, இது என்னுங்க கூத்து?"

"ஆருக்கா எழுதிக் குடுத்தது?" என்றேன்.

"என்னையக் கேட்டா? கேட்டுல ஒட்டீருக்குது. படிச்சவிங்கதானுங்க நீங்க, போய்ப் படிங்க."

படித்தேன். இரண்டு தாள், ஜெராக்ஸ். 'குதிரை வளர்ப்போராகிய நாங்கள் பந்தயத்தை நிறுத்திக்கொள்ள முழுமனதுடன் சம்மதிக்கிறோம். மைதானத்தை வேறு உபயோகத்துக்கு விடுவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.' கீழே கையெழுத்துகள். ஏழாவது என்னுடையது. எட்டாவது துரைசாமி. நான் எழுதும் 'ர' கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதுவும் அப்படியே சாய்ந்திருந்தது.

"மாமா, இது நம்மு கையெழுத்துத்தானுங்க?" என்றான் துரைசாமி.

"ஆமா மாப்ள."

"நாம எப்பங்க இதப் போட்டோம்?"

எப்போது போட்டோம் என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தலைவரே, தை மாதம் நீங்கள் மங்கலம் ரோட்டு டீக்கடைக்கு வந்தீர்கள். போலீஸ் அனுமதி மனு என்றீர்கள். மேல்பாதி வெள்ளைத்தாள், கீழே நாங்கள் கையெழுத்துப் போட வேண்டும். "மேல நான் டைப் அடிச்சுக்கறேன், கண்ணு. நீ கீழ போடு." எல்லா வருடமும் அப்படித்தான். உங்களுக்கு முன்னால் இருந்த தலைவருக்கும் அப்படித்தான் போட்டோம். வெள்ளைத்தாளில் போடலாமா என்று கேட்டால் அது உங்களை நம்பவில்லை என்றாகிவிடும், அதனால் எவனும் கேட்டதில்லை. அன்றைக்கு டீக்கும் வடைக்கும் நீங்கள்தான் காசு கொடுத்தீர்கள்.

பந்தய வாட்ஸ்அப் குரூப்பில் எழுதலாம் என்று பார்த்தேன். அட்மின் மட்டும் பேசலாம் என்று மாற்றி வைத்திருக்கிறீர்கள். கடைசியாக நீங்கள் போட்டது திருவிழா வாழ்த்து.

துரைசாமி சிட்டுவை இறக்கினான். வண்டியைப் பூட்டவில்லை. கயிற்றைப் பிடித்துத் தகரத்துக்கு வெளியே, முள்ளும் கல்லுமான ஓரத்தில், கடைசிவரை நடத்திக்கொண்டு போனான். கல் நட்டிருந்த இடத்துக்கு நேராக நின்று, திருப்பி நடத்திக்கொண்டு வந்தான். தடம் காட்டிவிட்டான். பதினொரு வண்டிக்காரர்களும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஸ்டாப்வாட்ச்சைச் சட்டைப்பையிலிருந்து எடுக்கவே இல்லை.

ஒன்பதரைக்கு உங்கள் வீட்டுக்கு வந்தோம். உங்கள் மருமகள் கேட்டுக்கு உள்ளேயே நின்று பேசியது.

"மாமா கோயமுத்தூரு போயிருக்குதுங்க."

துரைசாமி உங்கள் நம்பருக்குப் போன் போட்டான். உள் அறையில் மணி அடித்தது.

"போனை மறந்து வெச்சுட்டுப் போயிட்டாருங்க" என்றது அந்தப் பெண்.

சுடலை வாசல்படியைப் பார்த்தார். "செருப்பையும் மறந்துட்டாவளோ தாயி?"

அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துவிட்டது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. மணி அடிக்க அடிக்க உள்ளே அசையாமல் உட்கார்ந்திருந்தீர்களே, உங்கள்மேல்தான்.

பத்தேகாலுக்குத் திரும்பினோம். வழியில் யாரும் டீ கேட்கவில்லை. குடிமங்கலத்தில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, துரைசாமி இறங்கிப்போய்க் காற்றாலைக்கு அடியில் நின்று போன் பேசினான். வந்து உட்கார்ந்து, "ஞாயித்துக்கிழமை வந்து கூட்டீட்டுப் போறாங்களாமுங்க" என்றான். "வெடிச் சத்தத்துக்கு மெரளும்னு சொன்னியா?" என்று கேட்டேன். "சொன்னேனுங்க. பழகீருமாமுங்க" என்றான். சிட்டு சுடலையின் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு வந்தது. அவர் தட்டிவிடவில்லை.

மறுநாள் வேலைக்குப் போனேன். என் செக்‌ஷனில் ஒரு பெட்டி வெளியே போக வேண்டுமென்றால் சைஸ், கலர், எண்ணிக்கை மூன்றையும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன். படிக்காமல் போட்ட ஒருவனை நானே வேலையை விட்டு அனுப்பியிருக்கிறேன். முந்நூறு பனியன் இருக்கும் பெட்டிக்கு அவ்வளவு பார்க்கிற நான், அந்த மைதானத்துக்கு வெள்ளைத்தாளில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். என் முட்டாள்தனத்தை எல்லோருக்கும் முன்னால் ஒத்துக்கொள்கிறேன். துரைசாமியும் ஒத்துக்கொள்கிறான்.

இனி உங்கள் முறை, தலைவரே. கோயமுத்தூரில் இருப்பதாகச் சொல்ல வேண்டாம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்தக் கேட்டுக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் நிற்போம், சிட்டுவும் நிற்கும். ஜெயித்தவன் பெயரைச் சொல்ல நீங்கள் ஏறி நிற்பீர்களே, அதே டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம். அதே மைக்கைத் தருகிறோம். எங்கள் கையெழுத்துக்கு மேலே அந்த வரிகளை எழுதியது யார், எழுதச் சொன்னது யார், மைதானம் யாருக்குப் போகிறது? ஊர் கேட்கச் சொல்லுங்கள்.