வெள்ளிக்கிழமை விளக்கும் நம்ம ஊர்த் தீப்பெட்டியும்

பிள்ளைகளா, வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டும் கோவில்பட்டியில் பிறந்தவர்கள் நீங்கள். வாரத்தில் ஒரு நாள் தீக்குச்சியையே தொடாத மனிதர்கள் உண்டு என்றால் நம்புவீர்களா? நான் கண்ணால் பார்த்தேன்.

தொண்ணூறுகளில் தீப்பெட்டி லோடோடு லாரியில் கொச்சிக்குப் போவேன். சரக்கு இறக்கும் கடைக்குப் பக்கத்துத் தெருவில் யூதர்களின் பழைய ஜெப ஆலயம் இருந்தது. அதைச் சுற்றி அவர்கள் வீடுகள். பெரும்பாலும் வயதானவர்களே மிச்சம்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம், சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. நானும் டிரைவரும் ஒரு வீட்டு வாசலில் ஒதுங்கினோம். உள்ளே ஓர் அம்மா கண்ணாடி விளக்கில் எண்ணெய் விட்டுவைத்து, குச்சி குச்சியாக உரசிக்கொண்டிருந்தார். எல்லாம் நமுத்துப்போய் மருந்துதான் உதிர்ந்தது.

"மோனே, சூரியன் விழும் முன்னே கொளுத்தணும். பிறகு எங்களுக்கு ஓய்வுநாள், நெருப்பு தொடக் கூடாது" என்றார்.

டிரைவர் பெட்டியை எட்டிப் பார்த்தார். "ஏ அண்ணாச்சி, நம்ம சரக்குல்லா இது! ஊர் மானம் போகுதே!"

"சும்மா கெடங்க. மழைக்குப் பெட்டி என்ன செய்யும்?"

பெட்டியை வாங்கினேன். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, நனையாத தலைமுடியில் ஒரு குச்சியைப் பரபரவென்று தேய்த்தேன். உரசினேன். பற்றிக்கொண்டது! அந்த அம்மா அதை வாங்கி விளக்கேற்றி, வாய்க்குள் ஜெபம் சொன்னார். முகமெல்லாம் வெளிச்சம்.

நான் பெருமையாகப் பெட்டியை நீட்டினேன். அவர் சட்டென்று இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். என்ன தப்புச் செய்தேனோ என்று விழித்தேன். ஜெபத்துக்குக் கிளம்பி நின்ற அவர் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"விளக்கு வெச்சாச்சு. இனி நாளைக்கு நட்சத்திரம் தெரியும் வரை அவள் அதைத் தொட மாட்டாள். நீயே கொண்டுபோ!"

"தீப்பெட்டிக்கும் வாரத்துல ஒரு நாள் லீவு! நம்ம மொதலாளி கேட்டா மயக்கம் போட்டுருவாரு" என்றார் டிரைவர். அந்த அம்மாவும் சிரித்துவிட்டார்.

மழை விட்டதும் பெரியவர் எங்களை ஜெப ஆலயத்து வாசல் வரை கூட்டிப்போனார். நீலப்பூ போட்ட தரை, மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகள். "அவியளும் நம்மள மாதிரி செருப்பைக் கழத்திட்டுல்லா போறாவ!" என்று டிரைவர் அதிசயப்பட்டார். உள்ளே பாட்டுத் தொடங்கியது.

மறுநாள் முழுக்க அந்தப் பெட்டி என் சட்டைப்பையில் கிடந்தது. பீடிக்குக்கூட எடுக்கவில்லை. பொழுது சாய ஊர் வந்து, நம் கரிசக்காட்டு வரப்பில் தனியாக நின்றேன். முதல் நட்சத்திரம் தெரிந்ததும் ஒரு குச்சியை உரசி, விரல் சுடும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.