லோர்னாவுக்கு வாசித்த கடைசிப் பக்கம்

நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இப்போதும் 'அதெல்லாம் சும்மா' என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் வாய் வரமாட்டேன் என்கிறது.

1974, பிப்ரவரி. அமெரிக்காவில் வெர்மான்ட் மலைப்பக்கம் இடுப்பளவு பனி. இசையமைப்பாளர் ஹார்லன் பிரூயிட் இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. நாற்பது வருஷம் பகலில் கல்லூரியில் பாடம் எடுத்து, விடியற்காலையில் இசை எழுதிய மனுஷன். 'மாடிப்படியில் பாத்திரம் உருளும் சத்தம்' என்று பத்திரிகைக்காரர்கள் கிண்டலடித்தார்கள். அறுபது வயதுக்கு மேல்தான் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் அவரைத் தேடி வந்தன. அவர் கிறுக்கியதையெல்லாம் பன்னிரண்டு வருஷம் சுத்தமாக நகலெடுத்துக் கொடுத்தவன் நான். பெயர் நெட்.

அவருடைய கடைசி பியானோ இசைக்கு முடிவு இல்லை. கடைசிப் பக்கம் பாதி காலி.

"நீதான் முடிச்சுக் கொடுக்கணும் நெட்," என்றார் அவர் மனைவி லோர்னா. எழுபத்தெட்டு வயது. "எதை எழுதி முடிச்சாலும் எனக்கு வாசிச்சுக் காட்டாம இருக்க மாட்டார். இது ஒண்ணுதான் பாக்கி. இதைக் கேக்காம நான் சாக மாட்டேன்."

"அப்ப முடிக்காமலே விட்டுடுறேன். நூறு வயசு இருங்க."

"போடா வாயாடி!" என்று சிரித்தார்.

வீட்டுக்குப் பின்னால் ஹார்லனின் வேலைக் கொட்டகை. அங்கே உட்கார்ந்தேன். நாங்கள் எழுதுவது கண்ணாடி மாதிரி மெல்லிய தாளில், மசியால். தப்பு வந்தால் அழிக்க முடியாது. சவர பிளேடால் சுரண்டி, பொடியை ஊதிவிட வேண்டும். ஹார்லனுக்கு ஒரு கணக்கு உண்டு. மூன்று சுரண்டல், ஒரு ஊதல். அந்தச் சத்தம் எனக்கு அத்துப்படி.

முடிவு மளமளவென்று வந்தது. இரண்டே வரி. யோசிக்கக்கூட இல்லை, கை பாட்டுக்கு எழுதியது. தலைகால் புரியாத சந்தோஷம். மசி காயட்டும் என்று லோர்னாவோடு சோள சூப் குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால்... இரண்டு வரியும் இல்லை.

தாள் அந்த இடத்தில் சொரசொரவென்று இருந்தது. ஜன்னல் பூட்டியிருந்தது. வெளியே பனியில் என் காலடி மட்டும். லோர்னா என் எதிரில்தானே சூப் குடித்துக்கொண்டிருந்தார்?

நான் பிடிவாதக்காரன். மறுபடி எழுதினேன். மணி நாலரை. இருட்டிக்கொண்டு வந்தது. அடுப்பில் விறகு போடத் திரும்பினேன்.

சரக்... சரக்... சரக்...

ப்பூ.

திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் யாரும் இல்லை. மேஜைமேல் பொடி பறந்துகொண்டிருந்தது.

"ஹார்லன்?"

பாய்ந்து தாளை உள்ளங்கையால் மூடினேன்.

சரக்...

என் கைக்கு அடியில்!

பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது.

"செத்த பிறகும் பொறாமையா? உங்க பொண்டாட்டிதானே கேக்குறாங்க? விடுங்களேன்!"

சத்தம் நின்றது.

என் காதோரம்... ஒரு விசும்பல்.

ஓடினேன்.

தாள் போனால் என்ன, இசை என் தலையில் இருந்தது. வீட்டுப் பியானோவைத் திறந்தேன். மூடி படாரென்று விரல்மேல் விழுந்தது. தூக்கினேன்.

மறுபடி விழுந்தது.

இடது கையால் மூடியைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் வாசித்தேன். முழுசாக.

லோர்னா கண்ணை மூடிக் கேட்டார். கன்னமெல்லாம் ஈரம். "ஹார்லனேதான்... போதும்ப்பா," என்றார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

காலையில் அவர் எழுந்திருக்கவில்லை.

'புண்ணியவதி, தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள்' என்றார்கள் எல்லாரும். வயதும் ஆகிவிட்டதே. நானும் அப்படித்தான் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்து அந்த இரண்டு வரியைத் திரும்ப எழுதினேன். இந்தத் தடவை யாரும் சுரண்டவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு பர்லிங்டன் நகரத்துக்குப் போனேன். அங்கே ஹார்லனின் இசையையெல்லாம் அச்சடித்துக் கொடுப்பவன் கஸ் பப்பாஸ். கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"இந்த முடிவு உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

"நானே எழுதினேன்."

"உளறாதே. போன வருஷம் ஹார்லன் தன் கையாலேயே எழுதிக் கொண்டுவந்தது இது." மேஜைக்கு அடியிலிருந்து மசி பரவிப் பாழான ஒரு அச்சுப் பிரதியை உருவினான். "நல்ல பிரதியை மறுநாளே வந்து என் அடுப்புல போட்டுட்டார். அசலை இங்கேயே உக்காந்து சுரண்டினார்."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஒரு சுரம்கூட மாறவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பிரதியை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"ஏன் சுரண்டினார்?"

"லோர்னா ஊர்ல இல்லைன்னு, சுரண்ட வந்ததுக்கு முந்தின ராத்திரி மகளைக் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டியிருக்கார்."

அவர்களுக்கு ஒரே மகள், மேவிஸ். முப்பத்தொன்பது வயது. போன வருஷம் தூங்கப் போனவள் எழுந்திருக்கவே இல்லை.

கஸ் என் கையைப் பிடித்தான்.

"நெட்... நீ இதை யாருக்கும் வாசிச்சுக் காட்டலையே?"