பாதி ஷேவிங்கில் பிபி

தாராவியில் எங்கள் சலூன்காரர் செல்வத்துக்கு, வாடிக்கையாளர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்க மாநகராட்சி ஆஸ்பத்திரி பயிற்சி கொடுத்து ஒரு பிபி மிஷினும் தந்திருக்கிறது.

இன்று ஒரு கன்னத்தை மழித்துவிட்டு, மறு கன்னத்தில் சோப்பு போட்டார். "நுரை ஊறட்டும் அண்ணாச்சி, அதுக்குள்ள பிபி பாத்துருவோம்."

இருநூற்றுப் பத்து.

"மிஷின் கெட்டுப்போச்சுடே" என்றேன்.

மறுபடி அளந்தார். அதே எண்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நாலு பேர் காத்திருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு ஷட்டரை இறக்கினார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

"எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"மிச்ச ஷேவிங்?"

"பிபி இறங்காம உங்க மூஞ்சில கத்தி வைக்கமாட்டேன்."

தலை வலிக்குமா என்று டாக்டர் கேட்டார். மாதக்கணக்காக வலிக்கிறது. லோக்கல் ட்ரெயின் நெரிசல் என்றே நினைத்திருந்தேன்.

மாத்திரை போட்டும் பிபி முழுதாக இறங்கவில்லை, என் பயமும்தான்.

நாளை பாதி தாடியோடு ஆபீஸ் வருவேன். சிரிக்கிறவர்கள் தங்கள் பிபி எவ்வளவு என்று கீழே கமெண்ட்டில் எழுதிவிட்டுச் சிரிக்கவும்.