இழுக்குதாடா வண்டி?

போன வாரம் பட்டறைக்கு வந்தவர் காரை விட்டு முழுசாக இறங்கக்கூட இல்லை, அதற்குள் கேட்டுவிட்டார்.

“அண்ணா, டெய்லி ஆபீஸுக்கும் போவணும், டிராக் ரேஸ்லயும் ஓட்டணும். எந்த சைஸ் டர்போ போடலாம்? நல்லா இழுக்கணும்ணா.”

கேள்வியில் ஒரு தப்பும் இல்லை. மாதத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். அந்தக் கடைசி வார்த்தைதான் எனக்கு ஆகாது. வயிற்றுப்பாட்டுக்கு வண்டி வேலை செய்கிறவனுக்கு ‘இழுக்கிறது’ என்ற சொல் ஆகாது என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். பல் டாக்டர் பல்லைப் பார்த்துப் பயந்த கதைதான். சிரித்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டேன். சொல்லி முடிக்கிறவரைக்கும் கொஞ்சம் கூட இருங்கள், போதும்.

அவர் பானெட்டைத் திறந்ததும் ஒரு வாசனை வந்தது. சூடான இரும்பில் எண்ணெய் தீய்ந்த வாசனை. எல்லாருக்கும் அது மெக்கானிக் கடை வாசனை. எனக்கு மட்டும் அதோடு இன்னொரு வாசனையும் சேர்ந்தே வரும், பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைக்கிற வாசனை. மூக்கைச் சுளிக்க வைக்கிற வாசனைதான், ஒன்றும் சந்தனமில்லை. எங்கள் ஊர் நெசவாளர்கள் இருக்கிற பிள்ளையார்பாளையத்தில் மூர்த்தி வீட்டுத் தெரு முழுக்க அதுதான் அடிக்கும். அந்தத் தெருவில்தான் அவனுடைய சிவப்புக் கார் நிற்கும்.

மூர்த்தி என்னோடு படித்தவன். ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. வீட்டில் இரண்டு தறி ஓடிக்கொண்டிருந்தது, அதை அவன் அப்பா பார்த்துக்கொண்டார். பழைய பெட்ரோல் கார் ஒன்றைக் கைமாற்றி வாங்கி, பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தான். காலையில் தெரு நீளத்துக்குத் தறிக்கான பாவு நூலை நீட்டிவிட்டால், நூலெல்லாம் சுருட்டுகிற வரைக்கும் காரை வெளியே எடுக்க முடியாது. உலகத்திலேயே பட்டு நூல் மறித்து நின்ற ரேஸ் கார் அது ஒன்றாகத்தான் இருக்கும். மேனேஜரிடம் அவன் சொல்கிற காரணத்தை ஒரு நாளும் மேனேஜர் நம்பியதில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு பழைய விமான ஓடுதளத்தில் டிராக் ரேஸ் நடக்கும். நேர்கோட்டில் இரண்டு கார், கால் மைல் தூரம், யார் முந்துகிறார்கள் என்பதுதான் போட்டி. அதில் ஓட்ட வேண்டும் என்று மூர்த்திக்குப் பித்து. அதே காரில்தான் தினமும் வேலைக்குப் போக வேண்டும். அப்பாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவதும் அதே காரில்தான். இங்கேதான் டர்போ சைஸ் பஞ்சாயத்து ஆரம்பித்தது.

டர்போ தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. எஞ்சின் வெளியே தள்ளுகிற புகையை வைத்து ஒரு சின்ன விசிறியைச் சுற்றவிட்டு, அதைக்கொண்டே எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற சாமான். சின்ன டர்போ கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வருகிற மருமகன். கடைக்குப் போய்வா என்றால் போய்வருவான், ஆனால் மலையேறச் சொன்னால் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவான். பெரிய டர்போ பதினோரு மணி வரை குறட்டை விட்டுவிட்டு, எழுந்த பிறகு ஊரையே புரட்டிப்போடுகிறவன். யாரை வீட்டில் வைத்துக்கொள்வது என்பது நீங்கள் மலை ஏறப்போகிறீர்களா, கடைக்குப் போகப்போகிறீர்களா என்பதைப் பொறுத்தது.

“மூர்த்தி, நீ எந்த ஆர்.பி.எம்.ல குடித்தனம் பண்றன்னு மொதல்ல பாரு. ராஜவீதியில மூவாயிரத்த தாண்டுவியா? பெருசு நாலாயிரத்து ஐநூறுக்கு மேலதான் கண்ணே முழிக்கும். சின்னது போட்டுக்கோ. இல்ல, நடுவாந்தரமா ஒண்ணு பாக்கலாம்.”

“போடா. சின்னத போட்டுக்கினு பாதி ட்ராக்குல மூச்சு நின்னா எவன் பதில் சொல்றது? பெருசுதான்.”

வாரக்கணக்கில் வாதாடினேன். காற்றோட்டக் கணக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். கோயில் யானைக்குப் போதிக்கிறவன் மாதிரி நான் பேச, அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். கடைசியில் பெரியதையே வாங்கிவந்து என் மேசைமேல் வைத்தான். நானும் பெருமூச்சு விட்டுவிட்டு மாட்டினேன்.

அது மேசைமேல் இருந்தபோதுதான் அவன் அப்பா பட்டறைக்கு வந்தார். மூர்த்தி அவரை நைனா என்று கூப்பிடுவான், அதனால் எனக்கும் அவர் நைனாதான். ஒல்லியான உடம்பு, பேச்சு மட்டும் ரெண்டு ஆள் பேச்சு. பல வருஷமாக இழுப்பு. வீசிங் என்று டாக்டர் சொல்வதை எங்கள் பக்கத்தில் இழுப்பு என்போம். பனிக்காலத்தில் அவர் நெஞ்சு விசில் அடிப்பது வாசலுக்கே கேட்கும். அதையும் அவர் கேலிதான் பண்ணுவார். டர்போவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“இன்னாடா இது, சங்கு மாதிரி இருக்குது? எனக்கு ஊதறதுக்குள்ள இத்த ஊதிக் காட்டுடா மூர்த்தி.”

“சும்மா இரு நைனா” என்று மூர்த்தி சிடுசிடுத்தான். அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் அதற்குப் பெயர் பெரிய சங்கு.

நான் பயந்தபடியேதான் ஆனது. ஊருக்குள் கார் நகரவே நகராது. ஆக்சிலேட்டரை மிதித்தால் யோசிக்கும். பூக்கடைச் சத்திரத்தில் ஒரு நாள் நைனாவை முன்சீட்டில் வைத்துக்கொண்டு போகிறோம், பாட்டிமார்களை ஏற்றிய ஷேர் ஆட்டோ ஒன்று எங்களை இடதுபக்கமாகத் தாண்டிப் போனது. நைனாவுக்குச் சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. அவ்வளவுதான், அன்றிலிருந்து பிடித்துக்கொண்டார். மூர்த்தி வீட்டுக்குள் நுழைந்தால் தறியில் இருந்தபடியே கேட்பார், “இழுக்குதாடா வண்டி?” கம்பெனியில் இருக்கும்போது போன் போட்டுக் கேட்பார். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பார். மூர்த்திக்கு மூஞ்சி தொங்கிவிடும். ஒரே ஒரு தடவை ‘இழுக்குது’ என்று பதில் சொல்லிவிட வேண்டும், அதுதான் அவனுக்கு ரேஸைவிடப் பெரிய விஷயமாகிவிட்டது. ரேஸ் அன்றைக்குக் கிளம்பும்போதும் வாசலில் நின்று, “இன்னைக்காவது இழுக்குமாடா?” என்றார். அன்றைக்குக் கொஞ்சம் சளி இருந்தது அவருக்கு. அது எப்போதும் இருப்பதுதான்.

ஓடுதளத்தில் பெரிய சங்கு கண் விழித்தது. நான் ஓரமாக நின்று பார்த்தேன். முதலில் யோசித்தது, பிறகு பின்னால் யாரோ உதைத்த மாதிரி பாய்ந்தது. பக்கத்துக் காரைப் பாதித் தூரத்திலேயே விட்டுவிட்டு வந்தான் மூர்த்தி. காரைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினான், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். அப்போதுதான் போன் அடித்தது. நைனா. ஹெல்மெட் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

“மூர்த்தி… இழுக்குதுடா…”

“இழுக்குது நைனா! சூப்பரா இழுக்குது! ஷேர் ஆட்டோ இன்னா, ரயிலயே தாண்டும்!”

பக்கத்தில் இன்னொருவன் காரை நின்ற இடத்திலேயே வைத்து டயரைச் சுழலவிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான், ஒரே புகை, ஒரே இரைச்சல். போனில் கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, “சரிப்பா” என்று கேட்டது. போன் நின்றுவிட்டது.

எனக்கும் அது கேள்வியாகத்தான் கேட்டது. மாதக்கணக்கில் கேட்ட கேள்வி, வேறு எப்படிக் கேட்கும்? ‘தா’வுக்கும் ‘து’வுக்கும் அந்தச் சத்தத்தில் எந்தக் காது வித்தியாசம் கண்டுபிடிக்கும்? எழுதிப் பார்த்தால் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

மறுபடியும் போன் வந்தபோது நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். இந்த முறை மூர்த்தியின் அம்மா. கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்திருக்கிறார்கள்.

“மூர்த்தி, நைனாவுக்கு ரொம்ப இழுத்துக்கினு இருக்குதுபா. ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறோம், சீக்கிரம் வா.”

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் மூர்த்தி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. எப்போதும் ‘டா’ போட்டுப் பேசுகிற மனிதர் ‘சரிப்பா’ என்றாரே, அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான்தான் ஓட்டினேன். வாலாஜாபாத் வரைக்கும் ரோடு காலி. கார் பறந்தது. அந்த இழுப்பை நான் என் ஜென்மத்தில் மறக்க மாட்டேன். மூர்த்தி டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “பாவி, பாவி” என்று சொல்லிக்கொண்டே வந்தான். காரைச் சொன்னானா, தன்னைச் சொன்னானா தெரியாது. ஊருக்குள் நுழைந்ததும் பஸ், ஆட்டோ, புடவை வாங்க வந்த கல்யாணக் கூட்டம். ஆக்சிலேட்டரை மிதித்தேன். யோசித்தது. வேறென்ன செய்யும்.

நாங்கள் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மூர்த்தி கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், பிறகு சட்டென்று நிமிர்ந்து கேட்டார்கள்.

“உனக்கு போன் பண்ணேன்னாருப்பா. பேச முடியல, கையாலதான் காட்னாரு. இன்னாடா சொன்னாரு உங்கிட்ட?”

மூர்த்தி அம்மாவின் கையை விடாமலே சொன்னான்.

“வண்டி இழுக்குதாடான்னு கேட்டாரும்மா.”

அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பு. “அப்பவும் உன் வண்டியத்தான் கேட்டாரா! பாத்தியா அந்த மனுசன!” வந்தவர்கள் எல்லாரிடமும் அதையே சொன்னார்கள். தெருமுனையில் சங்கு ஊதும்போதும் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காரியம் முடிந்ததும் மூர்த்தி காரைக் கொண்டுவந்து, பெரிய சங்கைக் கழற்றச் சொன்னான். “சின்னது போட்டிருந்தா சீக்கிரம் போயிருப்பமாடா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டான். இல்லை என்றேன். அந்தக் கூட்டத்தில் எது போட்டிருந்தாலும் அவ்வளவுதான், அது சத்தியம். அவனிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. சின்னது போட்டிருந்தால் கார் ஊருக்குள் ஒழுங்காக ஓடியிருக்கும், நைனா அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எங்களைப் பழக்கியிருக்க மாட்டார். அவர் சொன்னது சொன்னபடியே எங்கள் காதில் விழுந்திருக்கும்.

காரை விற்றுவிட்டு மூர்த்தி ஓசூர் பக்கம் போய்விட்டான். ரேஸும் இல்லை, அந்த ஓடுதளத்தையே வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். தறி இருந்த அறையை யாருக்கோ வாடகைக்கு விட்டாயிற்று. அம்மா மட்டும் ஊரைவிட்டு வரமாட்டேன் என்று இங்கேயே இருந்தார்கள். கச்சபேஸ்வரர் கோயில் வாசலில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் நிறுத்தி, “வண்டி இழுக்குதாடான்னு கேட்டாராம்பா” என்று முதல் தடவை சொல்கிற மாதிரி சொல்வார்கள். “ஆமாம்மா, நானும் கேட்டேன்” என்பேன். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள்.

போன வாரம் வந்தவருக்குச் சின்ன டர்போவே போதும் என்றேன். முகம் சுருங்கிவிட்டது அவருக்கு. வேறு பட்டறைக்குப் போயிருப்பார், போகட்டும்.

போன ஐப்பசி மழையில் மூர்த்தியின் அம்மாவும் போய்ச்சேர்ந்தார்கள். காரியத்துக்கு வந்த மூர்த்தியும் நானும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். நைனா கேட்டது கேள்விதான் என்று நம்புவதற்கு இந்த உலகத்தில் ஒரு ஆள் இருந்தது. இப்போது எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை, எங்கள் இரண்டு பேருக்கும் அது ‘து’தான்.